சீடை வெடித்த மதியமும் அதற்குப் பின் வந்த மாதங்களும்

கோகுலாஷ்டமிக்குச் சீடை பொரிக்கிற எல்லோருக்கும் அது வெடிக்கும் என்று தெரியும். எங்கள் பாட்டி சீடை போடும் அன்று குழந்தைகளை அடுப்படிப் பக்கமே விடமாட்டார். ஆனால் வெடித்து எண்ணெய் மேலே பட்டுவிட்டால் முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்வது, எவ்வளவு பணம் கரையும், புண் ஆறிய பிறகும் அடுப்புக்கு முன்னால் நிற்கக் கை நடுங்கினால் அதற்கு என்ன வழி என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. போன வருஷம் இதையெல்லாம் தனியாக இருந்து தெரிந்துகொண்டேன். வீட்டிலிருந்தே பலகார ஆர்டர் எடுக்கும் பெண்கள், பகல் முழுக்கத் தனியாக வீட்டில் இருப்பவர்கள், பண்டிகை நாளில் மட்டும் பெரிய வாணலி வைப்பவர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில். கணவருக்கு ஷார்ஜாவில் வேலை. மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாமியார் இருந்தவரை வீட்டில் பேச்சுத்துணை இருந்தது. அவர் காலமான பிறகு, அவர் கற்றுக்கொடுத்த பட்சணங்களை வைத்தே சின்னதாக ஒரு வியாபாரம் தொடங்கினேன். தெரிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் சொல்வார்கள், நான் செய்து கொடுப்பேன். ஆவணியில் அஷ்டமிக்கு உப்புச் சீடை, வெல்லச் சீடை, முறுக்கு, தட்டை. அது முடிந்தால் தீபாவளி. வருஷத்தில் நான் சம்பாதிப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டு பண்டிகையில்தான் வரும். மகளுக்கு ஏதாவது வாங்கவோ, அம்மாவுக்கு ஒரு புடவை எடுக்கவோ, அந்தப் பணம் இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் இழந்த கணக்கைச் சொல்லும்போது இதுவும் அதில் சேரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அஷ்டமிக்கு முந்தைய நாள் மதியம். முறுக்கும் தட்டையும் முடிந்து உப்புச் சீடை ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஈடு நன்றாக வந்தது. இரண்டாவது ஈட்டை எண்ணெயில் போட்டு, சலசலப்பு அடங்கத் தொடங்கிய நேரத்தில், ஜல்லிக் கரண்டியால் புரட்டிவிடக் கையை நீட்டினேன். பட்டென்று ஒரு சத்தம். அடுத்தடுத்து இன்னும் இரண்டு மூன்று. எண்ணெய் எகிறி வலது புறங்கை, மணிக்கட்டு, முன்கை, கழுத்தின் ஓரம் என்று தெறித்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் முழுக்க எண்ணெய்த் துளி. நான் கண்ணாடி போடாதவளாக இருந்திருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருப்பேனா என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். முதல் சில நொடிகள் வலியே தெரியவில்லை. அப்புறம் வந்த எரிச்சலைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

எது நடந்தாலும் முதலில் அடுப்பை அணை என்று மாமியார் எப்போதும் சொல்வார். அது உடம்பிலேயே ஊறியிருந்ததால் இடது கை தானாகப் போய் அடுப்பை அணைத்தது. நைட்டியின் தோள் பக்கம் எண்ணெய் ஊறியிருந்தது, அதை உடனே கழற்றிப் போட்டேன். சூடான எண்ணெய் ஊறிய துணி மேலே இருக்கும்வரை சுட்டுக்கொண்டேதான் இருக்கும். தோலோடு ஒட்டிப்போயிருந்தால் மட்டும் பிய்க்கக் கூடாது, ஒட்டிய இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் கத்தரிக்க வேண்டும். என்னுடையது பருத்தித் துணி என்பதால் சுலபமாக வந்துவிட்டது. பாலியஸ்டர் துணியில் தீப்பிடித்தால் அது உருகித் தோலில் பிடித்துக்கொள்ளும் என்று பிறகு டாக்டர் சொன்னார். இப்போது என்னிடம் சமையல்கட்டுக்கென்று இருப்பது எல்லாமே பருத்திதான். விலை கூடினாலும் பரவாயில்லை.

அடுத்து சிங்க் குழாயைத் திறந்தேன். திருச்சி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெந்நீர்தான் கொட்டியது. கையை இழுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். காலையில் பிடித்து வைத்த பக்கெட் தண்ணீர் அங்கே இருந்தது. வலது கையை அதில் விட்டுக்கொண்டு இடது கையால் சொம்பு சொம்பாகக் கழுத்தில் ஊற்றிக்கொண்டேன். அந்த இடத்தில்தான் அழுகை வந்தது. வலிக்காக மட்டும் அழவில்லை. கூப்பிட வீட்டில் ஒருவர்கூட இல்லையே என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார். நான் ஊற்றத் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "ஐயோ, தண்ணி ஊத்தாதேம்மா, கொப்புளம் வந்துடும்" என்று கையைப் பக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, அவர் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து இட்லி மாவைக் கொண்டுவந்து அப்பிவிட்டார். சில்லென்று இருந்ததால் எனக்கும் இதமாகத்தான் இருந்தது. அந்த அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அன்று வந்திருக்காவிட்டால் நான் மயங்கி விழுந்திருப்பேன். ஆனால் மருத்துவமனையில் அந்த மாவைச் சுரண்டிக் கழுவியபோது பட்ட வலி, எண்ணெய் பட்டபோது இருந்ததைவிடப் பல மடங்கு. வெந்த தோலோடு மாவும் காய்ந்து பிடித்திருந்தது. புளித்த மாவில் இருக்கும் கிருமிகள் வேறு புண்ணுக்குள் போகும்.

டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "குழாய்த் தண்ணியில எவ்வளவு நேரம் காட்டினீங்க?" என்பதுதான். பிறகு அவர் சொல்லித் தந்ததை இங்கே எழுதுகிறேன், தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். எண்ணெயோ கஞ்சியோ நீராவியோ பட்டால் உடனே சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் முழுசாக 20 நிமிஷம் காட்ட வேண்டும். ஓடும் தண்ணீராக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருக்கலாம். தோலின் மேல்பரப்பு ஆறிவிட்ட மாதிரி தெரிந்தாலும் உள்ளே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்தத்தான் இவ்வளவு நேரம். கொஞ்சம் தாமதமானாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது, அது ஏற்கெனவே வெந்த தோலை இன்னும் கெடுக்கும். பற்பசை, மஞ்சள், காபித்தூள், வெண்ணெய், இங்க் எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தண்ணீர் காட்டி முடித்ததும், உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ துவைத்த பழைய வேஷ்டித் துணியையோ இறுக்காமல் மேலே போர்த்திக்கொண்டு கிளம்ப வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் இங்கெல்லாம் பட்டால் சின்னதாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். வேறு இடமானாலும், பட்டவரின் உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

அதோடு இன்னொன்று, வளையல். வலது கையில் ஒரு தங்க வளையல் போட்டிருந்தேன். ஆட்டோவில் போகும்போதே கை வீங்கி அது சதைக்குள் பதியத் தொடங்கிவிட்டது. மருத்துவமனையில் கட்டர் வைத்து வெட்டி எடுத்தார்கள். வெட்டும்போது நான் போட்ட கூச்சல் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். வளையல் போனதுகூடப் பெரிதில்லை, சரியான நேரத்தில் எடுக்காவிட்டால் விரலுக்குப் போகும் ரத்த ஓட்டமே தடைபடுமாம். தீக்காயம் பட்டதும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே மோதிரம், வளையல், வாட்ச், கழுத்தில் பட்டிருந்தால் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் அதன் பிறகுதான் வரும். நான் இப்போது எண்ணெய்ச் சட்டி வைப்பதற்கு முன்பே கையைக் காலியாக்கிவிடுகிறேன்.

போன் விஷயமும் சொல்ல வேண்டும். என் போன் வலது கட்டைவிரல் ரேகையில்தான் திறக்கும். வெந்த விரலை அது ஏற்கவில்லை. இடது கையால் பின் நம்பர் போட முயன்றால் கண்ணீரில் எண்ணே தெரியவில்லை. கடைசியில் அந்த அக்காதான் தெருமுனை ஆட்டோவைக் கூட்டிவந்தார். 108, 112 போன்ற அவசர எண்களைப் பூட்டிய திரையிலிருந்தே அழைக்கலாம் என்று மகள் பிறகு செய்து காட்டினாள். இன்று எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 108, கேஸ் கசிவுக்கான 1906, பக்கத்து வீடு, ஆட்டோக்காரர், என் தம்பி. இடது கை விரல் ரேகையையும் போனில் சேர்த்துவிட்டேன்.

இனி பணக் கணக்கு. முதல் நாள் தனியார் மருத்துவமனையில் சுத்தம் செய்து, டிடி ஊசி போட்டு, மருந்து வைத்துக் கட்டியதற்கு 4,200 ரூபாய். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் 650. மாத்திரை, களிம்பு, ஆட்டோ, பிறகு தழும்புக்கு வாங்கிய சிலிகான் ஜெல் எல்லாம் சேர்த்து 31,000 ரூபாயைத் தொட்டது. எங்கள் குடும்ப மருத்துவக் காப்பீட்டில் கேட்டால், 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருந்தால்தான் தருவோம், வெளிநோயாளியாகப் பார்த்ததற்குக் கிடையாது என்றார்கள். பெரும்பாலான பாலிசிகள் அப்படித்தான் என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது. வெளிநோயாளிச் செலவுக்கும் இடமிருக்கிறதா என்று உங்கள் பாலிசியை இப்போதே எடுத்துப் பாருங்கள். அஷ்டமி ஆர்டரில் சீடை கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பினேன். தீபாவளிக்கு வாங்கியிருந்த முன்பணம் 14,000 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தேன். தீபாவளியில் கையில் நிற்க வேண்டிய நாற்பதாயிரம் வராமலே போனது.

அரசு மருத்துவமனையில் இதே கட்டை இலவசமாக மாற்றிக்கொண்டிருக்கலாம் என்று பாதியில்தான் ஒருவர் சொன்னார். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய அரசு மருத்துவமனைகளில் தீக்காயம் பார்த்துப் பழகிய மருத்துவர்களும் நர்ஸ்களும் இருப்பார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த இடம். ஆழமான காயம், பெரிய பரப்பு என்றால் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்ப்பதைவிட, தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு எங்கே இருக்கிறது என்று 108 வண்டியில் வருபவரிடம் கேட்டுப் போவது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாட்டில் ஒரு போராட்டம். ஊரிலிருந்து வந்த பெரியம்மா பருப்பு சேர்த்தால் சீழ் வைக்கும், தயிர் கூடாது, கத்தரிக்காய் கூடாது என்று ரசம் சாதத்திலேயே வைத்திருந்தார். பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், புதுத் தோல் உண்டாவதே அதிலிருந்துதான். அடுத்த தடவை கட்டு மாற்றப் போனபோது பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அம்மா அவரிடமே, "பெரியம்மா, பருப்பு, பயறு, பால், பன்னீர், நிலக்கடலை எல்லாம் தாராளமா குடுங்க. முட்டை சாப்பிடறவங்களுக்கு முட்டையும் குடுக்கலாம்" என்றார். நான் சொல்லியிருந்தால் வாக்குவாதம் ஆகியிருக்கும். பெரியவர்களை டாக்டரிடம் நேரில் கேட்க வைத்தால் வீட்டில் சண்டை வராது.

இதுவரை உடம்பு. மனசு விஷயம் இன்னும் கஷ்டம், அதைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை. வருகிற எல்லோரும், "கண்ணுல படாம தப்பிச்சியே, பெருமாள் காப்பாத்தினார், சந்தோஷமா இரு" என்பார்கள். உண்மைதான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. வலிக்கிறது என்று சொல்லக்கூட உரிமை இல்லையா என்று தோன்றும். தலை பின்னிக்கொள்ள முடியாது, புடவை கட்ட முடியாது, சாதம் பிசைய முடியாது. இரவில் கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு மல்லாக்கப் படுத்திருக்கும்போது அந்தப் பட்டென்ற சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கும். கணவர் போனில், "இனிமே இந்த ஆர்டரே வேண்டாம், விட்டுடு" என்றார். அக்கறையில் சொன்னதுதான். எனக்கோ கையோடு சேர்த்து என் வேலையையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டு நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், நிதானமாகச் சொன்னேன்: "இப்போ எனக்கு யோசனை வேண்டாம். நான் சொல்றதை மட்டும் கேட்டுக்கிட்டு இருங்க." அதிலிருந்து அவர் தினமும் இரவு கூப்பிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்த பெரிய மருந்து அதுதான்.

நேர்மறையாக இரு என்று சொல்வது சுலபம், அதை எப்படிச் செய்வது என்றுதான் தெரியாது. எனக்கு உதவியதைச் சொல்கிறேன். காலை வெயில் ஏறுவதற்கு முன் உத்தர வீதியில் ஒரு சுற்று நடப்பேன், கையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு. தெரிந்த பூக்காரம்மா, பால்காரர் என்று நாலு முகம் பார்த்துவிட்டு வந்தால் அன்றைய காலை கனக்காது. இடது கையால் முடிகிற ஒரு வேலையைத் தினமும் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் மசாலா டப்பாவைத் துடைப்பது, ஒரு நாள் கீரை ஆய்வது, மெதுவாகத்தான். பகல் தூக்கத்தை நிறுத்தினேன், அதைச் செய்த பிறகுதான் இரவு தூக்கம் வந்தது. யாராவது "ஏதாவது வேணுமா" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்வதை விட்டுவிட்டு, "சாயங்காலம் வந்து தலை பின்னிவிடுங்க", "நாளைக்கு ஒரு வேளை குழம்பு குடுத்தனுப்புங்க" என்று தெளிவாகக் கேட்கக் கற்றுக்கொண்டேன். கேட்டதும் செய்தார்கள், முகம் சுளிக்காமல். உதவ மனமிருந்தும் என்ன செய்வது என்று தெரியாமல்தான் பலர் தள்ளி நிற்கிறார்கள்.

அப்படியும் சில நாள் எதுவும் பிடிக்காமல் போகும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிக்கான 14416 எண் 2022இல் இருந்து இருக்கிறது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நான் ஒரு இரவு 14416க்குக் கூப்பிட்டேன். மறுமுனையில் பேசிய பெண் அவசரப்படாமல் கேட்டார், தீக்காயம் பட்டவர்களுக்கு இந்தத் திடுக்கிடல் வருவது இயல்பு என்றார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருந்தேன், அந்த ஒரு வார்த்தையில் பாரம் இறங்கியது.

கொஞ்சம் தெளிந்த பிறகு சீடை ஏன் வெடிக்கிறது என்று எனக்குத் தெரிந்த பெரியவர்களையெல்லாம் கேட்டேன். அடிப்படை எளிமையானது. உருண்டைக்குள் ஈரம் இருக்கிறது. எண்ணெய் 170, 180 டிகிரி சூட்டில் இருக்கிறது. வெளிப்பக்கம் சட்டென்று வெந்து கெட்டியாகிவிட்டால் உள்ளே உண்டாகும் நீராவிக்கு வெளியேற வழி இல்லை. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். வெயிட் வாய் அடைத்துக்கொண்ட குக்கர் மாதிரி அது ஓட்டை உடைத்துக்கொண்டுதான் வரும். அதனால் ஆவி போக வழி விடுவதுதான் வேலை. அரிசி மாவு, உளுத்தம் மாவு இரண்டையும் மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை சலிக்க வேண்டும், நொய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உப்பையும் பெருங்காயத்தையும் தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும், கட்டி நின்றால் அங்கேதான் வெடிக்கும். வழவழவென்று அழுத்தி உருட்டக் கூடாது, மேலே லேசாக வெடிப்பு தெரிந்தால் அதுதான் நல்லது. உருட்டியதைத் துணியில் பரப்பிக் கொஞ்ச நேரம் ஈரம் போக விட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து. பிறகு இரண்டே இரண்டை மட்டும் போட்டு, தள்ளி நின்று பார்க்க வேண்டும். அவை ஒழுங்காக வந்தால்தான் அடுத்த ஈடு. இவ்வளவு செய்தாலும் வெடிக்காது என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அதனால்தான் வாணலி மேல் போடக் கம்பிவலை மூடி ஒன்று வாங்கினேன், 300 ரூபாய்க்குள். ஆவி போகும், எண்ணெய் தெறிக்காது. புரட்டும்போது நீளக் காம்பு ஜல்லிக் கரண்டி, முழங்கை வரை மூடும் பருத்திச் சட்டை, கண்ணாடி.

அடுப்படியில் வேறு சிலவற்றையும் மாற்றினேன். பொரிக்கும் நாளில் ஒரு பக்கெட் குளிர்ந்த தண்ணீர் சமையல்கட்டு மூலையில் இருக்கும், அது உடம்புக்கு மட்டும். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் அதில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி வீசும். அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டால் மூடி, ஆறும்வரை தொடாமல் விட வேண்டும். அதற்காக வாணலி அளவுக்கு ஒரு தட்டு எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. எண்ணெய் பாதி வாணலிக்கு மேல் ஊற்றுவதில்லை. கேஸ் டியூபில் அச்சடித்திருக்கும் தேதியைப் பார்த்தேன், ஐந்து வருஷக் கெடு முடியப் போகிறது, மாற்றிவிட்டேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவு ஜன்னலைத் திறந்து வெளியே போய் 1906க்குக் கூப்பிட வேண்டும். எரிவாயுவால் நடக்கும் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு உண்டு, உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எனக்கு நடந்த மாதிரி எண்ணெய் தெறித்த விபத்து அதில் வராது.

கட்டு அவிழ்த்ததோடு முடியும் என்று நினைத்திருந்தேன். அரிப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஆறும் தோல் இரவெல்லாம் அரிக்கும், சொறிந்தால் உரிந்துவிடும். டாக்டர் சொன்ன மாத்திரையும், முழுசாக மூடிய இடத்தில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக நீவுவதும் உதவின. வெயில் பட்டால் புதுத் தோல் கறுத்துப்போகும், அதனால் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்க்ரீனும் இப்போதும் தொடர்கின்றன. மணிக்கட்டு இறுகிவிடாமல் இருக்க விரலை மடக்கி நீட்டும் பயிற்சியை வலித்தாலும் செய்ய வேண்டும். நான் பஞ்சு உருண்டையை அழுத்தி அழுத்திப் பழகினேன். தழும்பின் நிறம் முழுசாக அடங்க ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகலாம்.

அடுப்புக்குத் திரும்பியது படிப்படியாகத்தான். முதலில் பால் காய்ச்சினேன். பிறகு சாதம், குழம்பு. கடுகு தாளிக்க மட்டும் முடியவில்லை, அது வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப்போடும். சில வாரம் தாளிக்காமலே சாப்பிட்டேன். அப்புறம் தாளிக்கும் கரண்டியில் கடுகைப் போட்டு உடனே மூடிவிட்டு, சத்தம் அடங்கும்வரை கூடத்தில் நின்றேன். மெதுவாக அந்தத் தூரம் குறைந்தது. அப்பளம் பொரித்த நாளில் மகளுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன், அவள் அங்கே கை தட்டினாள். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

இந்த வருஷம் ஆர்டர் எடுக்கிறேன். பொரிக்கும் நாளில் தெரிந்த பெண் ஒருவர் கூட நிற்கிறார், அவருக்குக் கூலி தருகிறேன். அதற்காகக் கிலோவுக்கு 40 ரூபாய் ஏற்றினேன், காரணம் சொன்னதும் ஒருவர்கூட மறுக்கவில்லை. சீடை மட்டும் குறைந்த அளவு, முன்கூட்டியே சொன்னவர்களுக்குத்தான். பொரிக்கும்போது போன் எடுப்பதில்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதிவைத்திருக்கிறேன். வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்தேன், வருஷத்துக்கு 20 ரூபாய்தான், 18 வயதிலிருந்து 70 வரை சேரலாம். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோதான் அதில் பணம் வரும், சிகிச்சைச் செலவுக்கு வராது. அதனால் ஒவ்வொரு ஆர்டரிலும் கொஞ்சம் எடுத்துத் தனியாகத் தபால் ஆபீஸ் கணக்கில் போட்டுவருகிறேன். அது கட்டு மாற்றும் காசுக்கென்று வைத்திருப்பது, தீபாவளிக்குப் புடவை எடுக்கக்கூட அதில் கை வைப்பதில்லை.